இரண்டாவது டிபன்

"நம்ம அறிவுச்செல்வன் சார் இருக்காரில்ல, அவரு நம்ம மெஸ்ல டிபன் சாப்பிட்டுட்டு, நேரா போய் மணியம்மாள் கடையில இன்னொரு டிபன் சாப்பிடறாரு."

புருஷன் அஜிதன் இதைச் சொன்னபோது யமுனா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே பார்த்தேன். சிலிண்டருக்குச் சொல்லிட்டு வர்ற வழியில. ஏப்பம் விட்டுக்கினு வெளிய வந்தாரு. என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பி சந்துக்குள்ள பூந்துட்டாரு."

"ஏப்பமா?"

"பெரிய ஏப்பம்."

யமுனாவை அதுதான் சுட்டது. தன் மெஸ்ஸில் யாராவது ஏப்பம் விட்டிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி வலது பக்கச் சந்தில் இருந்தது யமுனா மெஸ். எதிரே இருந்த விருந்தினர் விடுதிக்கு அறிவுச்செல்வன்தான் மேனேஜர். அங்கே தங்கும் வெள்ளைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், வடநாட்டுக்காரர்கள் எல்லோரையும் யமுனாவிடம் அனுப்பிவைப்பது அவன்தான். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஒரு பெரிய கோஷ்டி வருகிறது. மாதம் முழுக்கத் தங்கப் போகிறது. அவர்கள் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று யமுனா கேட்டபோது, "பாத்து சொல்றேன்க்கா" என்று தலையைச் சொறிந்திருந்தான்.

அந்தத் தலைச்சொறிதலுக்கு இப்போது அர்த்தம் தெரிந்தது. கோஷ்டி மணியம்மாள் பக்கம் போனால் மற்றவர்களும் அதே வழியில் போவார்கள். மெஸ்ஸுக்குப் பூட்டு. அப்புறம் கீழ்பென்னாத்தூரில் மாமனாரின் வேர்க்கடலை நிலத்தில், மல்லாட்டைக்குக் களை எடுக்க வேண்டியதுதான்.

"நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள் யமுனா.

"என்னத்த?"

"அந்த அம்மா என்ன போடறாங்கன்னு."

*

மெஸ்ஸைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அங்கே ராத்திரிச் சாப்பாடு கிடையாது. யமுனாவும் அஜிதனும் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அதையே அஜிதன் வியாபாரமாக்கினான். வாசல் பலகையில் "மாலைச் சாப்பாடு: சூரியன் உள்ளவரை" என்று எழுதிவைத்தான். தியானத்துக்கு வந்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஐந்து மணிக்கெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அஜிதனும் அந்த நேரத்தில் கல்லாவிலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டுவிடுவான். "நீயும் உக்காரு யமுனா" என்பான்.

"வந்தவங்களைக் கவனிச்சுட்டு வந்துடறேன்ங்க."

கவனித்து முடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிடும். "அடடா, பொழுது போயிடுச்சே" என்பாள் யமுனா. அவ்வளவுதான். மறுநாள் காலைவரை யாரும் அவளைச் சாப்பிடச் சொல்ல முடியாது. அஜிதனுக்கு மனசு கேட்காது. ஆனால் நோன்பு விஷயம், வற்புறுத்தக் கூடாது. கீழ்பென்னாத்தூரில் மாமியார் கனகமாலா, வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் பூரிப்பாள்: "எங்க யமுனா மாதிரி கட்டுப்பாடு யாருக்கு வரும்?"

யாருக்கும் தெரியாத சங்கதி, சூரியன் யமுனாவின் கூட்டாளி என்பதுதான்.

கல்யாணமான புதிதில் நாத்தனார் ஒருத்தி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இந்த போன் கேமரால ஏதோ கோளாறு போல, உங்களை இவ்ளோ அகலமாக் காட்டுது" என்று சிரித்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது. அரிசி கூடாது என்று ஒரு வருஷம். அரிசி மட்டும் போதும் என்று ஒரு மாதம். வெந்நீரில் எலுமிச்சை, வெறும் வயிற்றில் சீரகம், மூன்று வேளையும் வெள்ளரிக்காய். குறையும், ஏறும், இன்னொன்று தொடங்கும். இத்தனைக்கும் நாள் முழுக்க அடுப்படியில் நின்றாள். வாசனையை வைத்தே உப்பு சொல்லிவிடுவாள். வாயில் வைக்கமாட்டாள். அவள் கண்ணுக்கு இட்லி இட்லியாகத் தெரிந்து வருஷக்கணக்காயிற்று. கலோரி எண்ணாகத்தான் தெரியும்.

*

மறுநாள் காலை அறிவுச்செல்வன் வழக்கம்போல் வந்தான். இட்லி, பொங்கல், காபி. "சூப்பர்க்கா" என்றான். கைகழுவினான். வண்டியை எடுத்தான்.

யமுனா முகத்தில் மாஸ்க்கை மாட்டினாள். துப்பட்டாவைத் தலையில் சுற்றினாள். ஸ்கூட்டியை உதைத்தாள்.

"ஜேம்ஸ்பாண்டு கெட்டாரு போ" என்றான் அஜிதன்.

"மாவு பொங்குதான்னு பாத்துக்குங்க."

அறிவுச்செல்வன் அவசரப்படவில்லை. ரோட்டைக் கடந்தான், ஒரு பேக்கரியைத் தாண்டினான், ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் திரும்பினான். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு கடை, வெளியே இரண்டு பெஞ்சு. வண்டியை நிறுத்திய வேகத்திலேயே உட்கார்ந்தான். ஆர்டர்கூடச் சொல்லவில்லை. தட்டு வந்துவிட்டது.

யமுனா ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இட்லியைச் சட்னியில் முக்கி, கண்ணை மூடி மென்றான். அவள் மெஸ்ஸில் அவன் கண்ணை மூடியதே இல்லை.

"இன்னாம்மா, மாஸ்க்கைப் போட்டுக்கினு இட்லி துன்ன முடியுமா? வாய் எங்க இருக்குது உனக்கு?"

மணியம்மாள். கையில் கரண்டியோடு, சரியாக அவளுக்குப் பின்னால் நின்றாள்.

அறிவுச்செல்வன் திரும்பினான். துப்பட்டா, மாஸ்க் எல்லாம் தாண்டி அடையாளம் கண்டுகொண்டான். இட்லி தொண்டையில் நின்றுவிட்டது.

"அக்கா! நீங்களா... இது வந்து... சும்மா காபி குடிக்க..."

"சாப்பிடுங்க சார். நானும் சும்மாத்தான் வந்தேன்."

"மெஸ்காரம்மாவா?" மணியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க வூட்டு இட்லி அலுத்துப்போச்சா? உக்காரு உக்காரு. வந்துட்டு துன்னாம போனா எனக்குத்தான் அசிங்கம்."

தட்டு வந்தது. இட்லியும் மல்லாட்டைச் சட்னியும். யமுனாவின் உள்ளே கணக்கு ஓடத் தொடங்கியது. எழுந்து ஓடிவிடலாமா? ஓடினால் துப்பறிய முடியாது. இது சாப்பாடு இல்லை, விசாரணை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாஸ்க்கைக் கழற்றினாள்.

முதல் சந்தேகம், அஜினோமோட்டோ. சட்னியை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். இல்லை. வறுத்த மல்லாட்டை, காய்ந்த மிளகாய், புளி. காரம் கொஞ்சம் ஜாஸ்தி. இட்லியை விண்டாள். ஒரு வாய். இன்னொரு வாய். இட்லி சுமார். ஓரத்தில் லேசாக விறைப்பு.

இதற்கா ஏப்பம்? என் இட்லி இதைவிட...

இதைவிட?

மூன்றாவது வாய் பாதி வழியில் நின்றது. ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். தன் இட்லி எப்படி இருக்கும்? வாசனை தெரியும். பதம் தெரியும். ஆவி அடங்க எவ்வளவு நேரம் என்று தெரியும். ருசி தெரியாது. மெஸ் ஆரம்பித்த நாளிலிருந்து தன் மெஸ் சாப்பாட்டை அவள் ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

யோசனை தெளிந்து கீழே பார்த்தபோது தட்டில் இட்லி இல்லை. தின்று முடித்திருந்தாள்! கேட்காமலே மணியம்மாள் இன்னொன்றைப் போட்டுவிட்டு, திரும்பியும் பார்க்காமல் அடுத்த பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

யமுனா அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

*

"எனக்கு டிபன் வைங்க" என்றாள் மெஸ்ஸுக்குள் நுழைந்ததும்.

அஜிதன் கல்லாவிலிருந்து நிமிர்ந்தான். "யாருக்கு?"

"எனக்குத்தான். கஸ்டமர் மாதிரி உக்காரப் போறேன். எல்லாருக்கும் எப்படி வைப்பீங்களோ அப்படியே வைங்க. ஒண்ணு ஜாஸ்தி வேணாம், கம்மி வேணாம்."

கூட்டம் போன நேரம். அறிவுச்செல்வன் எப்போதும் உட்காரும் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தாள். அஜிதன் பரிமாறினான். பிறகு அடுப்படி வாசலில் போய் நின்றான்.

இட்லி வாயில் கரைந்தது. மணியம்மாளின் இட்லி இதன் பக்கத்தில்கூட வர முடியாது. யமுனா நம்பாமல் இன்னொரு வாய் வைத்தாள். நிஜம்தான். இவ்வளவு நன்றாகவா சமைக்கிறேன்? சாம்பாரில் துவரம்பருப்பு குழைந்த விதம், பொங்கலில் மிளகு உடைபடும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

தட்டு காலி.

வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. வலி இல்லை. யாரோ கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. அது என்ன என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பசி. சாப்பிட்ட பிறகு பசி! காலையில் இரண்டு இடத்தில் இட்லி தின்றவளுக்குப் பசி!

இன்னொரு இட்லி கேட்கலாம் என்று நிமிர்ந்தாள். வாய் வரவில்லை.

நேர் எதிரே, அடுப்படி வாசலில், அஜிதன் நின்றுகொண்டிருந்தான். அவன் கண் அவள் முகத்தில் இல்லை. தட்டில் இருந்தது.

"ஏங்க அப்படிப் பாக்கறீங்க?"

"எப்படி?"

"என் தட்டையே."

"நீதானே கஸ்டமருக்கு எப்படியோ அப்படின்னு சொன்ன? அந்த எடத்துல எப்பவும் நீதான் நிப்ப. இப்படித்தான் பாப்ப." அஜிதன் தலையைச் சற்றுச் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, உதட்டை இறுக்கிக் காட்டினான். "இன்னும் கொஞ்சம் சாதம்னு யாராவது வாயைத் தொறந்தா, இப்படி."

"நானா?"

"அறிவுச்செல்வன் சார் அதுக்குப் பேரே வெச்சிருக்காரு. எக்ஸ்ரே."

யமுனாவுக்குக் கோபம் வந்தது. "இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா என்னையும் எக்ஸ்ரே எடுப்பியே."

அவள் கரண்டியைப் போய்ப் பார்த்தாள். சாதக் கரண்டி, சாம்பார்க் கரண்டி, எல்லாம் அவளே கடைக்குப் போய் வாங்கியவை. ஒவ்வொன்றும் குழந்தைக்குச் சோறு போடும் அளவில் இருந்தது. மாற்றியது எப்போது என்று நினைவில்லை. தான் சாப்பிடாத சாப்பாட்டை, ஊரையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவிடாமல் செய்திருந்தாள்.

மணியம்மாளின் ரகசியம் தெரிந்துவிட்டது. அவள் பரிமாறிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை.

*

கரண்டியை மாற்றுவது சுலபம். அன்றைக்கே மாற்றினாள். கண்ணை மாற்றுவது எப்படி?

அதற்குத் தன் தட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவளுக்கு எப்படியோ பட்டது. டயட் சார்ட்டெல்லாம் வேண்டாம். அந்தப் பசியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். யார் அது, எப்போது வருகிறது, எங்கே போய் ஒளிகிறது. ஆளைப் பின்தொடர்வதுபோல் அதைப் பின்தொடர்ந்தாள்.

முதல் துப்பு சீக்கிரமே கிடைத்தது. முற்பகலில், காய் நறுக்கும் நேரத்தில், அஜிதன்மேல் தினமும் ஒரு எரிச்சல் வரும். செருப்பை ஏன் இங்கே விட்டீங்க, ரேடியோவை ஏன் சத்தமா வெச்சீங்க. அன்றைக்கும் வந்தது. கத்துவதற்கு முன், போய் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுப் பார்த்தாள். செருப்பு அதே இடத்தில்தான் கிடந்தது. எரிச்சலைக் காணோம்.

"அப்ப இத்தனை வருஷமா என்னைத் திட்டுனது?" என்றான் அஜிதன்.

"பாதி பசி. பாதி நீங்கதான்."

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் பெரியது. அவளுக்கு வெள்ளரிக்காய் பிடிக்காது. சுத்தமாகப் பிடிக்காது! வருஷக்கணக்காகக் கூடை கூடையாகத் தின்றிருக்கிறாள். ஒரு துண்டை வாயில் போட்டு, எண்ணை நினைக்காமல், நிதானமாக மென்று பார்த்தபோதுதான் தெரிந்தது.

பிடித்தவை எவை என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வியாக இருந்தது. உளுந்து வடையா? ஆமாம், ஆனால் சூடாக இருந்தால்தான். மைசூர்பாகு? சின்ன வயதில் உயிரைவிடுவாள். இப்போது ஒரு துண்டுக்கு மேல் திகட்டியது. அது அவளுக்கு ஆச்சரியம். கையில் கிடைத்தால் டப்பாவையே காலி செய்துவிடுவோம் என்றல்லவா பயந்துகொண்டிருந்தாள்?

எல்லா நாளும் நல்ல நாளாக இல்லை. ஒரு மத்தியானம் தயிர்சாதம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டோமோ என்று திடீரென்று குலை நடுங்கி, பரண்மேல் தூக்கிப்போட்ட எடைபார்க்கும் மெஷினை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினாள். எடுத்தாள். ஏறி நின்றாள். அன்று மீதி நாள் முழுக்க வெந்நீர்தான். சாயங்காலம் சூரியன் வந்து வழக்கம்போல் உதவி செய்தது. "பொழுது போயிடுச்சே" என்று சொல்லும்போது அஜிதன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"இது நோன்பா யமுனா?" என்று ராத்திரி படுக்கும்போது கேட்டான்.

அவள் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"நோன்புன்னா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எங்கம்மா உன்னைப் பத்திப் பேசறதைக் கேக்க எனக்கும் பெருமைதான். ஆனா நோன்பு முடிச்சவங்க முகம் வேற மாதிரி இருக்கும். உன் முகம், தப்பிச்சு வந்த முகமா இருக்குது."

"படுங்க" என்றாள். ஆனால் மறுநாள் காலை இட்லியோடு முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

*

மாதக் கடைசி. "இன்னிக்கு சாயங்காலம் சாப்பிட வர்றேன்க்கா. அப்படியே அந்த கோஷ்டி விஷயத்தையும் முடிச்சுடலாம்" என்று அறிவுச்செல்வன் போன் செய்தான்.

ஐந்து மணிக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். மெஸ் நிறைந்திருந்தது. யமுனா புதுக் கரண்டியோடு சுற்றி வந்தாள். எல்லோர் தட்டிலும் தாராளமாகத்தான் போட்டாள். இருந்தும் ஒருவரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. தட்டை வழித்துவிட்டு அமைதியாக இருந்தார்கள். பழக்கம். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அறிவுச்செல்வனும் முடித்துவிட்டான். விரலைத் தட்டின் ஓரத்தில் ஒருமுறை ஓட்டினான். போதும் என்பதுபோல் தண்ணீரைக் குடித்தான். யமுனாவுக்குத் தெரிந்துவிட்டது: இவன் இங்கிருந்து எழுந்து நேராக மணியம்மாள் கடைக்குத்தான் போகப் போகிறான். கோஷ்டியும் கூடவே போகும்.

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பசித்தது.

சந்தேகமே இல்லை. இப்போது அவளுக்கு ஆளைத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கரண்டியோடு சுற்றினால் போதும்; பொழுது போய்விடும்; யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மெஸ்ஸே போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் முதலாளியம்மா உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன நினைப்பார்கள்?

யமுனா கரண்டியை அஜிதன் கையில் கொடுத்தாள். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அறிவுச்செல்வனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா?" என்றான் அவன், ஏதோ விபத்து நடந்துவிட்டதுபோல.

"பசிக்குது சார். இருங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

சாதம், கத்தரிக்காய்க் குழம்பு, பொரியல். கலந்தாள், சாப்பிட்டாள். அறிவுச்செல்வன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான். தட்டு காலியாயிற்று. உள்ளே கேட்டுப் பார்த்தாள். இன்னும் வேண்டும் என்றது. எண்கள் தலைக்குள் கிசுகிசுக்கத் தொடங்கின. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஏங்க!" குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "இன்னும் கொஞ்சம் சாதம் கொண்டாங்க!"

மெஸ் முழுக்கத் தலைகள் திரும்பின. அஜிதன் அண்டாவோடு ஓடி வந்தான். அவள் தட்டில் போட்டுவிட்டு நிமிர்வதற்குள், எதிரே ஒரு தட்டு மெல்ல முன்னே நகர்ந்தது.

"எனக்கும் கொஞ்சம்" என்றான் அறிவுச்செல்வன்.

பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் கையைத் தூக்கினாள். பக்கத்து மேஜை. அதற்கடுத்த மேஜை. அஜிதன் சுழன்றான். ரசத்துக்குச் சாதம், மோருக்குச் சாதம், மறுபடி குழம்புக்கே சாதம்.

பிறகு அண்டாவின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"யமுனா..." அஜிதன் குனிந்து காதில் சொன்னான். "சாதம் காலி."

கரண்டியை மாற்றியவள் உலையை மாற்றவில்லை. அரிசி இன்னும் பழைய அளவுதான்; யாரும் இரண்டாவது முறை கேட்காதவரை அது போதுமாக இருந்தது. பாதிப் பேர் தட்டு வெறுமையாகக் காத்திருந்தது. கோஷ்டியைத் தீர்மானிக்க வந்தவன் எதிரே, மெஸ்ஸில் சோறு இல்லை!

யமுனா வெளியே பார்த்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. உலை வைக்க நேரமில்லை.

"மணியக்கா கடைக்கு ஓடுங்க" என்றாள். "சாயங்கால இட்லி ஊத்தியிருப்பாங்க. இருக்கிறதை எல்லாம் கேளுங்க."

"அவங்ககிட்டயா? மானம் போயிடும்."

"வண்டியை எடுங்கன்றேன்!"

வண்டி திரும்பி வந்தபோது பின்னால் மணியம்மாளே உட்கார்ந்திருந்தாள், மடியில் இட்லிக் குண்டான், அதன்மேல் சட்னித் தூக்கு.

"இன்னாம்மா மெஸ்காரம்மா, சோறே இல்லாமதான் கடையைத் தொறந்து வெச்சிருக்கியா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். "நவுருங்க நவுருங்க, பொழுது போயிடப்போவுது, உங்களுக்கெல்லாம் அதுக்கப்புறம் ஆவாதாமே." இரண்டு கையாலும் இட்லியை அள்ளி வைத்துக்கொண்டே போனாள். யார் தட்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாக ஜன்னலோர மேஜைக்கு வந்தாள். "சார் இங்கதான் கீறீங்களா? நீங்க எங்க இருந்தாலும் என் இட்லி உங்களை உடாது."

அறிவுச்செல்வன் சிரித்துவிட்டான். பிறகு யமுனாவைப் பார்த்தான். இந்த முறை கண்ணை விலக்கவில்லை.

"அக்கா, ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன். முழுசா மணியம்மா பக்கம் போயிடலாம்னுதான் வந்தேன்."

"தெரியும்."

"உங்க குழம்புக்கு இந்த ரோட்டுலயே ஈடு கெடையாது. ஆனா வயிறு..." தட்டிக்கொண்டான். "சாயங்காலம் உங்ககிட்டயே வரட்டும். காலையில டிபன் அவங்ககிட்ட. மொதல் பத்து நாள் பார்ப்போம். யாராவது பசியோட ரூமுக்கு வந்தாங்கன்னா நான் மறுபடி பேசுவேன்."

பாதிதான். பாதியாவது. மெஸ் மூடவில்லை. அஜிதன் மேஜைக்குப் பின்னால் நின்று, மூச்சு விடுவதையே மறந்திருந்தான். இப்போது விட்டான்.

"அப்ப ஒண்ணாந் தேதிக்கு எவ்ளோ அரிசி போடணும் யமுனா? இப்பவே சொல்லு, கடைக்குச் சொல்லணும்."

நேற்றுவரை இந்தக் கேள்விக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லியிருப்பாள். யமுனா இடதுகையைத் தூக்கி, இருங்க என்று சைகை காட்டினாள். வாயில் சாதம் இருந்தது. அதை மென்று விழுங்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.